கன்று அடிபடும் முன்னே மணி அடிக்கட்டும்

(பட்டிமன்றத் தலைப்பு: ‘ஊர் நடுவே நெரிசல் தீர வழிகாட்ட வேண்டியவர்கள் அதிகாரிகளே? மக்கள் மன்றமே?’ இதில் ‘மக்கள் மன்றமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவதில்லை என்று முடிவோடு வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த பெருமக்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி முன்னால், அடுப்பில் ஒரு கண்ணும் எங்கள் மேல் ஒரு கண்ணுமாக இருக்கிற தாய்மார்களே!

நடுவர் ஐயா, இன்னிக்கு நான் அரை மணி நேரம் தாமதமா வந்தேன். நீங்க கூட கடிகாரத்தைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தீங்க. காரணம் சொல்லிடறேன். இந்த மண்டபம் கண்ணுக்குத் தெரியுது. வாசல்ல பேனர் தெரியுது. பேனர்ல என் பேரும் தெரியுது. ஆனா வண்டி உள்ளே வர வழியில்லை. இடது பக்கம் ஒருவழிப் பாதை, வலது பக்கம் பள்ளம், நேரா போனா தடுப்பு. மூணு தடவை சுத்தி வந்தேன். கோயிலைச் சுத்தினா புண்ணியமாவது கிடைக்கும். மண்டபத்தைச் சுத்தினதுக்கு பெட்ரோல் தீர்ந்ததுதான் மிச்சம். (சிரிப்பு)

வாசல்ல நின்ன ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். “ஐயா, இந்தத் தடுப்பு எப்ப வச்சாங்க?” “நேத்து ராத்திரி தம்பி.” “ஏன் வச்சாங்க?” “அதை வச்சவங்களைத்தான் கேக்கணும்.” “யார் வச்சாங்க?” “அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்!”

இன்றைய பட்டிமன்றத்தின் தலைப்பு அந்தப் பெரியவர் பதிலிலேயே அடங்கிப் போச்சு ஐயா.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அழகாகப் பேசினார்கள். “போக்குவரத்து என்பது கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி, சிக்னல் எத்தனை நொடி, வளைவு எத்தனை அடி, இதெல்லாம் படித்தவர்கள் வேலை. நோயாளிக்கு என்ன மருந்து என்று தெருவில் ஓட்டெடுப்பு நடத்துவீர்களா?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. கைதட்டும் வாங்கினார்கள். நானும் தட்டினேன்.

ஆனால் அம்மா, எந்த டாக்டரும் நோயாளியைப் பார்த்ததும் முதல்ல என்ன கேட்பார்? “எங்கே வலிக்குது?” என்று கேட்பார். அதைக் கேட்காம மருந்து எழுதற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா? மருந்து சொல்லும் அறிவு டாக்டருக்கு உண்டு. வலி இருக்கிற இடம் நோயாளிக்குத்தான் தெரியும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். மருந்தெழுதும் பேனாவைப் பிடுங்கவில்லை. “எங்கே வலிக்குது” என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறோம். (கைதட்டல்)

எங்க ஊர் கதை ஒண்ணு சொல்றேன். ஊர் பேர் வேண்டாம். சொன்னா நாளைக்கு நான் ஊருக்குள்ள போக வேண்டியிருக்கு.

எங்க ஊர் கடைவீதி ஒரு நீளத் தெரு. கிழக்குக் கோடியில எங்க வீடு. நடுவுல அரசு ஆஸ்பத்திரி. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆட்டோவுல நாலு நிமிஷம். ஒரு திங்கக்கிழமை காலைல எழுந்து பார்த்தா, தெரு முனையில ரெண்டு தார் டிரம்மு, நடுவுல ஒரு கம்பு, ஒரு பலகை. ‘ஒருவழிப் பாதை.’ மேற்கேயிருந்து கிழக்கே வரலாம். கிழக்கேயிருந்து மேற்கே போகக் கூடாது. நெரிசல் குறைய வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். குறையவும் செய்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். பஸ் ஒழுங்கா போச்சு. கடைக்காரங்களே ஒத்துக்கிட்டாங்க.

மூணாவது வாரம், ஒரு ராத்திரி எட்டரை மணி. எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி. வேர்த்துக் கொட்டுது. தெரிஞ்ச ஆட்டோக்கார அண்ணன் வந்தார். ஏத்தினோம். ஒருவழிப் பாதை, நேரா போக முடியாது. ரயில்வே கேட்டைத் தாண்டி, ஊரைச் சுத்தி, மேற்கேயிருந்து வரணும். கேட்டுக்குப் போனா, பாசஞ்சர் வண்டிக்காக கேட் சாத்தியிருக்கு. அப்பா என் தோள்ல சாஞ்சு, “எவ்வளவு தூரம்டா இருக்கு?”ன்னு கேக்கறார். என்ன சொல்றது ஐயா? ஆஸ்பத்திரி நாலு நிமிஷத்துல இருக்கு. வழி இல்லை.

அந்த அண்ணன் ஒரு நிமிஷம் யோசிச்சார். வண்டியைத் திருப்பினார். டிரம்மு ரெண்டுக்கும் நடுவுல புகுந்து, எதிரே வர்ற லைட்டுக்கெல்லாம் கையைக் காட்டிக்கிட்டே கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினார். டாக்டர் சொன்னார், “சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க.” மறுநாள் அந்த ஆட்டோவுக்கு அபராதம். எங்கப்பா படுக்கையிலிருந்தே சொன்னார், “அந்தப் பணத்தை நம்ம வீட்டுக் கணக்குல கட்டுடா” என்று.

நடுவர் ஐயா, சட்டப்படி அந்த அண்ணன் செய்தது தப்பு. எதிரே ஒரு குழந்தை சைக்கிளில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குது. ஆனால் அவர் அந்தத் தப்பைச் செய்ததால்தான், எங்கப்பா இன்னிக்கு முன்வரிசையில உட்கார்ந்து, நான் சரியாப் பேசறேனான்னு பார்த்துக்கிட்டிருக்கார். (நீண்ட கைதட்டல்)

கதை இன்னும் முடியலை. அப்பாவுக்குத் துணையா வார்டுல நான் படுத்திருந்தேன். அங்கே பெருக்குகிற ஆயாம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு சொல்லுச்சு: “ஏன் தம்பி இந்தப் பாடு? பின்னாடி தெருவுல ஒரு கேட்டு இருக்கே! பூட்டித் துருப்பிடிச்சுக் கெடக்கு. அதைத் திறந்துவிட்டா உங்க பக்கத்து சனமெல்லாம் கடைவீதிக்கே போக வேண்டாமே!” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இதை யார்கிட்டயாவது சொன்னியா ஆயாம்மா?”ன்னேன். அது சிரிச்சுது. “என்னை யார் தம்பி கேட்டா?”

மனு எழுதிக் கொடுத்தோம். ரெண்டு மாசம் கழிச்சு அந்த கேட் திறந்தது. ஒருவழிப் பாதையும் இருக்கு, நெரிசலும் குறைவா இருக்கு, நோயாளியும் நேரா போறார். செலவு? ஒரு பூட்டும், கொஞ்சம் எண்ணெயும்.

எதிரணி பேராசிரியர் திருக்குறளைத் துணைக்கு அழைத்தார். ‘தெரிந்து செயல்வகை’ என்ற அதிகாரத்தைக் காட்டி, “விஷயம் தெரிந்தவர்களோடு கூடி ஆராய்ந்து செய்கிறவருக்கு முடியாத காரியம் இல்லை என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். ஆகவே நிபுணர்களைக் கேளுங்கள்” என்றார். ஐயா, நானும் அதே குறளைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். தெரிந்தவர் யார்? அதில்தான் நமக்குள் தகராறு. அந்த கேட்டைத் தெரிந்தவர் யார்? தலைநகரத்திலிருந்து வரைபடம் போட்டவரா, பெருக்குகிற ஆயாம்மாவா? பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கும் என்பது வாசலில் மாங்காய் விற்கிற பாட்டிக்குத் தெரியும். எந்த பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரியாது என்பது, ராத்திரி வேலை முடிந்து வருகிற பெண்ணுக்குத் தெரியும். எஞ்சினியரையும் உட்கார வையுங்கள், ஆயாம்மாவையும் உட்கார வையுங்கள் என்பதுதான் எங்கள் கட்சி.

அதே அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு காரியத்தில் இறங்குமுன் எது போகும், எது வரும், எல்லாம் முடிந்து மிஞ்சுவது என்ன, மூன்றையும் பார் என்கிறார். நம் ஊர்களில் எது வரும் என்பதை மட்டும் பேனரில் போடுகிறார்கள். எது போகும் என்பது, போனவனுக்கு மட்டும் தெரிகிறது!

இன்னொரு சங்கடம் பாருங்க. நம்ம நகரங்களில் சாலை மாநகராட்சிக்குச் சொந்தம். ஒருவழி, சிக்னல் எல்லாம் போலீஸ் பார்க்குது. பஸ் போக்குவரத்துக் கழகத்தினுடையது. அடியில ஓடற குழாய் குடிநீர்க்காரங்களுடையது. நாலு மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் தலைதீபாவளி மாதிரி, யார் யாருக்கு முறை செய்வது என்றே தெரியாது. (சிரிப்பு) ஒருத்தர் ரோடு போடுவார், மறுநாள் ஒருத்தர் தோண்டுவார், மூணாம் நாள் ஒருத்தர் வண்டியைத் திருப்பி விடுவார். எல்லாரையும் ஒரே கூடத்தில் கூப்பிட்டு, “என்னய்யா செய்யப் போறீங்க?” என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? ஓட்டு வாங்கி வந்த உறுப்பினருக்குத்தான் உண்டு. அந்த இடம்தான் மன்றம்.

நடுவர்: சரி, எதிரணியில் பாண்டி பஜாரைச் சொன்னார்களே, அதற்கு என்ன பதில்?

வருகிறேன் ஐயா! அதற்குப் பயந்து ஓடுகிற ஆள் நான் இல்லை.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜார். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறந்தார்கள். ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவு. வண்டிக்கு இடத்தைக் குறைத்து, நடக்கிறவனுக்கு இடத்தைக் கூட்டினார்கள். “அதிகாரிகள்தானே செய்தார்கள், நன்றாக வந்ததா இல்லையா?” என்று கேட்டார்கள். நன்றாகத்தான் வந்தது. தாத்தாக்கள் பெஞ்சில் உட்காருகிறார்கள், பிள்ளைகள் விளையாடுகின்றன. பார்த்து நானே சந்தோஷப்பட்டேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தச் சாலையின் பெயர் என்ன? தியாகராயர் சாலை. யார் அந்த தியாகராயர்? 1688-ல் பிறந்த, இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி சென்னை. அதிலே பல பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்து, அதிகாரியாக இல்லாமல் அதன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மனிதர் சர் பிட்டி தியாகராயர். அவர் பெயர் தாங்கிய சாலையை மாற்றிக் கட்டியபோது, சென்னை மாமன்றத்தில் உறுப்பினர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் வழக்கில் சிக்கி நின்றது. 2022 பிப்ரவரி 19-ல்தான் ஓட்டுப் போட்டோம். ஐந்து வருஷத்துக்கு மேல், 200 வார்டுக்கும் கேட்க நாதியில்லை. தனி அலுவலர் ஆண்டார். (கைதட்டல்)

நல்ல அதிகாரி, நல்ல திட்டம், நல்லபடி முடிந்தது. மறுக்கவில்லை. அடுத்த தடவையும் நல்ல அதிகாரியே வருவார் என்று யார் உத்தரவாதம் தருவது? தப்பாகப் போனால் அதிகாரிக்கு மாற்றல் வரும், போய்விடுவார். கவுன்சிலர் எங்கே போவார்? அடுத்த தெருவில்தான் இருக்கிறார். காலையில் அதே டீக்கடைக்குத்தான் வரணும். அஞ்சு வருஷம் கழிச்சு அதே வாசல்ல கும்பிடு போடணும். அந்தப் பயம்தான் ஐயா ஜனநாயகம்!

அதே பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளை 2013-ல் மாநகராட்சியின் வணிக வளாகத்துக்குள் மாற்றினார்கள். கூரை உண்டு, கதவு உண்டு. ஆனால் நடைபாதை வியாபாரம் என்பது என்ன? போகிறவன் கால் தடுக்கி நின்று வாங்குவது. பத்து ரூபாய் ஹேர்பின் வாங்க எந்தப் பெண் மாடி ஏறுவாள்? இந்தக் கேள்வியைப் படம் வரைகிறவர் கேட்க மாட்டார். ஹேர்பின் விற்கிறவர் கேட்பார். அதனால்தான் 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. பாதிக்கப்படுகிறவனுக்கு நாற்காலி போடு என்று சட்டமே சொல்லியாச்சு. நாற்காலி போட்டிருக்கா என்று பார்க்க வேண்டியது நம்ம வேலை.

இப்போது எதிரணியின் பெரிய பீரங்கி. “மக்களைக் கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எல்லாருக்கும் ஒருவழி வேண்டும், ஆனால் என் கடை வாசலில் வேண்டாம் என்பான்.” உண்மை! என் மாமாவே அப்படித்தான். ஊரெல்லாம் நோ பார்க்கிங் போடணும்பார். அவர் ஸ்கூட்டர் மட்டும் எப்பவும் அந்தப் போர்டுக்குக் கீழேதான் நிக்கும். (சிரிப்பு)

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம். ஊருக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட நினைத்தார்கள். மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். என்ன செய்தார்கள்? 2006 ஜனவரியிலிருந்து ஜூலை முடிய, ஏழு மாதம் சோதனை நடத்தினார்கள். கூடவே பஸ்ஸும் அதிகம் விட்டார்கள். கட்டணம் வாங்கிய எல்லையில் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரில் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். கட்டணத்தைத் திட்டிய அதே நகரம், அதிகப் பேர் ‘சரி’ என்று சொன்னது. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கினார்கள். சுற்றுப்புற ஊர்கள் சிலவற்றில் ‘வேண்டாம்’ என்ற குரலே அதிகம் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நகரத்துக்காரன் மனசு எப்படி மாறியது? கண்ணால் பார்த்தான், காலால் நடந்தான், மாறினான். வற்புறுத்தி மாற்றவில்லை. பாண்டி பஜாரிலும் கட்டுமுன் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்து பார்த்தார்களே, அது போற்றத்தக்க வழி. அந்த வழியைத்தான் ஊர் ஊராகக் கேட்கிறோம்.

சட்டத்தில் இடமில்லையா? இருக்கிறது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவு. ஒரு தெருவில் வண்டிகளுக்குத் தடை போடலாம். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் அந்த ஊரில் தெரியும்படி விளம்பரம் செய்தால் போதும். ஆக, ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் என்ன போனது, என்ன வந்தது என்று வள்ளுவர் கணக்கை எழுதி மன்றத்தில் வையுங்கள். வாதாடட்டும். கை தூக்கட்டும். யார் எந்தப் பக்கம் தூக்கினார் என்று எழுதி வையுங்கள். அதன் பிறகு தடுப்பைப் போடுங்கள். அந்தத் தடுப்புக்கு நாங்கள் தலைவணங்குகிறோம்.

மக்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2022-ல் விதிகள் வகுத்து, நவம்பர் 1-ஆம் தேதி நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தினார்கள். கிராமத்துக்கு கிராம சபை மாதிரி, நகரத்துக்குப் பகுதி சபை. இங்கே இருக்கிற நாம எத்தனை பேர் போனோம்? கையைத் தூக்குங்க பார்ப்போம்... நடுவர் ஐயா, நான் எண்ண வேண்டிய அவசியமே வரலை. (சிரிப்பு) தடுப்பு வச்ச மறுநாள் திட்ட மட்டும் எல்லாரும் வர்றோம். “என்னை யார் தம்பி கேட்டா?” என்று ஆயாம்மா சொன்னா அதில் நியாயம் இருக்கு. கேட்கக் கூப்பிட்ட கூட்டத்துக்குப் போகாத நாம் சொன்னா நியாயமா?

முடிக்கிறேன். திருவாரூரில் ஒரு சோழன். அவன் மகன் தேரில் போனபோது ஒரு கன்று சக்கரத்தில் சிக்கிச் செத்தது. தாய்ப்பசு வந்து அரண்மனை மணியை அடித்தது. மகனையே அதே தேர்க்காலில் இட்டான் அரசன். மனுநீதிச் சோழன் கதை, நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டு அழுதது. நம் தமிழ் மண்ணின் பழைய சாலை விபத்து வழக்கு அதுதான்.

சின்னப் பிள்ளையில் நான் எங்கப்பாவைக் கேட்டேன்: “அப்பா, அந்தத் தெருவுல கன்று துள்ளி ஓடும்னு அந்தப் பசுவுக்குத் தெரியுமே. தேர் புறப்படுமுன்னே மணி அடிச்சிருக்கலாமே?” அப்பா சொன்னார்: “அடிச்சிருக்கும்டா. தேர் வரப்போகுதுன்னு அதுக்கு யாரும் சொல்லலையே.”

நடுவர் அவர்களே! நீதிக்கு அந்தச் சோழனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் செத்த கன்று செத்ததுதான். நடந்த பிறகு கொடுக்கிற நீதி பெரியது. நடக்குமுன் கேட்கிற ஒரு வார்த்தை அதைவிடப் பெரியது. “இந்தத் தெருவில் தேர் வரப் போகிறது. யாருக்கு என்ன குறை?” என்று முன்கூட்டியே கேட்கும் மணிதான் மக்கள் மன்றம். அந்த மணியைக் கட்டுங்கள், கயிறு எங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டுங்கள் என்று கேட்டு, ஊர் நடுவே நெரிசல் தீர வழிகாட்ட வேண்டியது மக்கள் மன்றமே, மக்கள் மன்றமே என்று கூறி, போகும்போதாவது எனக்கு ஒரு வழி சொல்லி அனுப்பும்படி நடுவரைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)